காட்மியம் கலந்த வெள்ளி ராடு: ஓட்டம் அருமை, ஆனாலும் வாங்காதீர்கள்

ஏசி, ஃபிரிட்ஜ் உதிரிபாகக் கடைகளில் ‘சில்வர் ராடு’ கேட்டால் எடுத்துக் கொடுப்பவை, உருக்கி இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்க்கும் கம்பிகள். அவற்றில் இரண்டு இனம் உண்டு. ஒன்றில் காட்மியம் என்ற விஷ உலோகம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே மஞ்சள் ஓடிய வெள்ளை நிறம், ஏறக்குறைய ஒரே எடை, ஒரே வளைவு. காட்மியம் உள்ளதில் வெள்ளி குறைவாக இருந்தாலும் உருகிய ராடின் ஓட்டம் நன்றாக இருக்கும். அதனால் விலையும் குறைவு, மெக்கானிக்குகளுக்குப் பிடித்தமும் அதிகம். காப்பரையும் இரும்பையும் சேர்க்கும் கம்ப்ரஸர் ஜாயிண்ட், பித்தளை வால்வு, லேத் பட்டறையில் வெட்டும் கருவிக்குக் கார்பைடு டிப் (கடினமான வெட்டுமுனை) ஒட்டுவது, சப்மெர்சிபிள் மோட்டாரின் காப்பர் ரோட்டர் என்று எல்லா இடத்திலும் இது புழங்குகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ராடாக மட்டும் பார்த்தால் இதற்கு நல்ல மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு இதை வாங்க ஒரு காரணமும் இல்லை. எந்த ஜாயிண்டை எடுத்தாலும் காட்மியம் இல்லாத மாற்று கடையில் கிடைக்கிறது. எந்த வேலைக்கு எந்த மாற்று என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறோம்.

முதலில் இதன் நல்ல பக்கம். பிஏஜி-1 என்ற குறியீடுள்ள 45 சதவீத வெள்ளி ராடில் வெள்ளி 45, செம்பு 15, துத்தநாகம் 16, காட்மியம் 24 சதவீதம். 607 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 618-இல் முழுக்க உருகிவிடும். இடைவெளி வெறும் 11 டிகிரி. இத்தனை குறைந்த சூட்டில், இத்தனை குறுகிய இடைவெளியில் உருகுவதால் ராடு தொட்ட மாத்திரத்தில் தண்ணீராய் ஓடி இடுக்கு முழுவதும் பரவிவிடும். வெள்ளி, செம்பு, துத்தநாகம் மூன்றை மட்டும் கலந்த 45 சதவீத ராடு 663-இல் தொடங்கி 743-இல்தான் முழுதாக உருகும். காட்மியம் சேர்த்ததற்குக் கிடைத்த லாபம் 125 டிகிரி. சூடு குறைந்தால் காப்பர் மெலிவதில்லை, வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கருகுவதில்லை, கேஸும் மிச்சம். ஜாயிண்டின் விளிம்பில் மழமழவென்று ஒரு வளைவு விழும். அந்த வளைவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வேறு ராடு பிடிக்காமல் போவது புரிந்துகொள்ளக்கூடியதே.

35 சதவீத ராடு, அதாவது பிஏஜி-2, அந்த அளவுக்கு நல்லதல்ல. அதில் காட்மியம் 18 சதவீதம். 607-இல் தொடங்கி 702 வரை இழுக்கும். ஜாயிண்டின் இடுக்கு அகலமாக இருக்கும் இடத்தை நிரப்ப உதவும் என்பார்கள், அது உண்மைதான். ஆனால் மெதுவாகச் சூடேற்றினால் முதலில் உருகும் பகுதி ஓடிப்போய், உருகச் சிரமப்படும் பகுதி கட்டியாக ஜாயிண்டின் வாயிலேயே நின்றுவிடும். அதைக் கரைக்க மறுபடி நெருப்பைக் காட்டுவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

காட்மியம் 321 டிகிரியில் உருகி 767 டிகிரியில் கொதிக்கும். துத்தநாகத்தின் கொதிநிலை 907. வெள்ளியும் செம்பும் 2,000 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஆக, ராடில் இருக்கும் நான்கு உலோகங்களில் முதலில் ஆவியாவது காட்மியம்தான். அது கொதிநிலை வரை காத்திருப்பதும் இல்லை, அதற்கு வெகு முன்பே ஆவி கிளம்பத் தொடங்கிவிடும். 618-இல் ஓடும் ராடுக்கும் 767-க்கும் நடுவே உள்ளது 150 டிகிரிதான். ஆக்சி-அசிட்டிலீன் சுடரோ 3,000 டிகிரிக்கு மேல். சுடரை ராடின் மேலேயே நேராகப் பிடித்தால் அந்த 150 டிகிரி நொடிகளில் போய்விடும். கிளம்பிய ஆவி காற்றில் பட்டதும் காட்மியம் ஆக்சைடாக மாறி, மஞ்சள் கலந்த பழுப்புப் புகையாகத் தெரியும். புகை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அளவு ஏற்கெனவே மிஞ்சிவிட்டது. தெரியவில்லை என்பதால் இல்லை என்றும் ஆகாது. இதன் துகள்கள் மூச்சுக்குழலில் தங்காமல் நேராக நுரையீரலின் காற்றறைகள் வரை போகும் அளவுக்கு நுண்ணியவை.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று வெங்காரம். வெள்ளி ராடுக்கென்று விற்கும் வெள்ளை பேஸ்ட் ஃப்ளக்ஸில், அதாவது சூட்டில் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடை நீக்கத் தடவும் பசையில், ஃப்ளோரைடு உப்புகள் இருக்கும். அது 600 டிகிரியை நெருங்கும்போதே தெளிந்து ஓடி, ராடு வைக்க நேரம் வந்துவிட்டதைக் காட்டிவிடும். வெங்காரம் உருகுவது 743 டிகிரியில். பேஸ்ட் தீர்ந்துவிட்டதென்று வெங்காரத்தைத் தூவி, அது கண்ணாடியாகும் வரை காத்திருந்து காட்மியம் ராடை வைத்தால், காட்மியத்தின் கொதிநிலைக்கு 24 டிகிரி பக்கத்தில் நின்று வேலை செய்கிறோம் என்று பொருள். ராடின் குறைந்த உருகுநிலையால் வரும் ஒரே நன்மையும் அத்துடன் போய்விடுகிறது.

ஒரே ஒரு ஜாயிண்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ராடில் இரண்டரை சென்டிமீட்டர் கரைந்தால் சுமார் 0.4 கிராம். 45 சதவீத ராடானால் அதில் காட்மியம் சுமார் 100 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் ஆவியானதாக வைத்துக்கொள்வோம். 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். பத்துக்குப் பத்து அடி, பத்தடி உயரம் உள்ள அடைத்த அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 28 கனமீட்டர். அந்தப் புகை அறை முழுக்கச் சீராகப் பரவினால்கூட ஒரு கனமீட்டருக்கு 36 மைக்ரோகிராம் சுமார். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 1992-இல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக 5 மைக்ரோகிராம். சுடர் ஊதி ஜாயிண்ட் போடுபவரின் முகத்துக்கும் ஜாயிண்டுக்கும் உள்ள தூரமோ ஒரு முழம். அங்கே அடர்த்தி அறைச் சராசரியைவிட எவ்வளவோ கூடுதலாகத்தான் இருக்கும். இப்போது லாபத்தைப் பாருங்கள். காட்மியம் இல்லாத 56 சதவீத ராடுக்குப் பதில் இதைப் போட்டால் அந்த ஒரு ஜாயிண்டில் மிச்சமாகும் வெள்ளி 44 மில்லிகிராம். அவ்வளவுதான்.

உடலில் இது செய்யும் வேலை இரண்டு வேகத்தில் நடக்கும். வேகமானது: அடைத்த இடத்தில் ஒருமுறை நிறையப் புகையை இழுத்துவிட்டால் அந்த நேரத்தில் தொண்டைக் கரகரப்புக்கு மேல் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் 4 முதல் 10 மணி நேரத்துக்குள், குளிர், காய்ச்சல், உடல்வலி, நெஞ்சிறுக்கம், இருமல் வரும். துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சலும் இதே நேரத்தில் இதே மாதிரிதான் வரும், அது ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். கால்வனைஸ் பைப் வெல்டிங் செய்து பழகியவர்கள் அதே காய்ச்சல்தான் என்று பாலைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவதால்தான் காட்மியம் ஆளைக் கொல்கிறது. இதில் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். 1960களில் பிரிட்டனில் செவர்ன் பாலப் பணியில் காட்மியம் பூசிய போல்ட்டுகளை நெருப்பால் அறுத்த தொழிலாளர்கள் ஐந்து பேர் இப்படிப் பாதிக்கப்பட்டு, ஒருவர் இறந்துபோனார். ராடு ஊதிய நாளின் இரவில் மூச்சு இறுகினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போனதும் ‘காட்மியம் புகையை மூச்சில் இழுத்தேன்’ என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண சளிக்காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

மெதுவானது இன்னும் மோசம், ஏனென்றால் நெடுங்காலத்துக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. குடல் வழியாகப் போகும் காட்மியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில்தான் உடலில் சேரும். நுரையீரல் வழியாகப் போவதில் கால் பங்கிலிருந்து பாதி வரை சேர்ந்துவிடும். ஈரல் தயாரிக்கும் மெட்டலோதயோனின் என்ற புரதம் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் அது போய்க் குவியும் இடம் சிறுநீரகம். அங்கே சேர்ந்தது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். வாரத்துக்கு நான்கு ஜாயிண்ட் போடுபவரின் உடல், அடுத்த வாரத்துக்குள் ஒன்றையும் கழிப்பதில்லை. சிறுநீரகத்தின் நுண்குழல்கள் கெட்டால் சிறுநீரில் நல்ல புரதங்கள் ஒழுகும், கால்சியமும் பாஸ்பேட்டும் வீணாகும், எலும்பு வலுவிழக்கும். ஜப்பானின் தோயாமா மாகாணத்தில் ஜின்சு ஆற்றங்கரை மக்கள், கமியோகா சுரங்கத்தின் கழிவு கலந்த நீரில் விளைந்த அரிசியைச் சாப்பிட்டு எலும்பு நொறுங்கி வலியில் துடித்தார்கள். அந்த ‘இதாய்-இதாய்’ நோய்க்குக் காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. நுரையீரல் புற்றுநோய்க் கணக்கும் உண்டு: சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1993-இல் காட்மியத்தை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் வைத்தது. சிகரெட் பிடிப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். புகையிலைச் செடியே மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். அவர்கள் சிறுநீரகத்தில் ஏற்கெனவே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அளவுக்கு இருக்கும். ராடு பிடித்த கையாலேயே பீடியை எடுத்து வாயில் வைத்தால் விரலில் ஒட்டிய தூளும் சேர்ந்து உள்ளே போகும்.

கைக்குட்டையும் நீலநிற சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தப் புகைக்குத் தடையே அல்ல. நுண்துகளைத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட ரப்பர் அரைமுக மாஸ்க் தடுக்கும், ஆனால் தாடி இருந்தால் விளிம்பில் காற்று புகுந்துவிடும். சீலிங் ஃபேன் போட்டால் புகை விலகுவதற்குப் பதில் அறை முழுக்கச் சுற்றும். பட்டறையில் ஜாயிண்டுக்குப் பக்கத்திலேயே புகையை இழுக்கும் குழாய் வைக்கலாம். வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் கட்டடத்தின் டக்ட்டுக்குள்ளும் அதற்கு வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் இப்படி உலோகங்களைச் சேர்க்கும் பிரேசிங் ராடில் காட்மியம் 0.01 சதவீதத்தை எட்டக் கூடாது என்று சட்டம் போட்டதும் இதனால்தான். ராணுவம், விமானத் துறை போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள்.

இனி மாற்றுகள். காப்பரோடு காப்பர் சேர்க்கும் ஜாயிண்டுக்கு வெள்ளி ராடே தேவையில்லை. செம்பும் பாஸ்பரஸும் கலந்த ராடு போதும், ஃப்ளக்ஸும் வேண்டாம், பாஸ்பரஸே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளி இல்லாத சாதா ராடு 710-இலிருந்து 793 வரை எடுக்கும். அதிர்வு உள்ள இடத்துக்கு 15 சதவீத வெள்ளி கலந்ததைப் போடலாம், அது 643-இல் இளகத் தொடங்கும். பித்தளையோடு சேர்த்தால் மட்டும் ஃப்ளக்ஸ் தடவ வேண்டும். இரும்பில் இதை வைக்கவே கூடாது. பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து நொறுங்கும் ஏடு ஒன்றை உண்டாக்கும். ஜாயிண்ட் அன்றைக்கு நிற்கும், கம்ப்ரஸர் ஓடும் அதிர்வில் சில வாரங்களில் விரிசல் விடும்.

காப்பர் - இரும்பு, காப்பர் - பித்தளை ஜாயிண்டுகளுக்கு எங்கள் முதல் தேர்வு 56 சதவீத ராடு: வெள்ளி 56, செம்பு 22, துத்தநாகம் 17, வெள்ளீயம் 5. பிஏஜி-7 என்று அட்டையில் இருக்கும். 618-இல் தொடங்கி 652-இல் முழுதாக உருகும். காட்மியம் ராடு முழுக்க உருகும் சூட்டில் இது உருகவே ஆரம்பிக்கிறது, வித்தியாசம் 34 டிகிரிதான். கேப்பிலரி என்ற மெல்லிய குழாய், ஃபில்டர், கம்ப்ரஸர் குழாய் எல்லாவற்றிலும் இதன் ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விலைதான் உறுத்தும். அதற்கு அடுத்தது வெள்ளீயம் 3 சதவீதம் கலந்த 45 சதவீத ராடு, பிஏஜி-36. அது 646 முதல் 677 வரை. தினமும் நிறைய ஜாயிண்ட் போடுகிறவர்களுக்கு இதுவே கட்டுப்படியாகும், தரத்தில் பெரிய விட்டுக்கொடுப்பு இல்லை. 38 சதவீத ராடு 721 வரை போகும். தடித்த இரும்புத் துண்டுகளுக்குச் சரி, மெல்லிய கேப்பிலரிக்கு வேண்டாம்.

தண்ணீர் படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலைக்கு 56-ஐப் போட்டால் ஸ்டீலுக்கும் ராடுக்கும் இடையே உள்ள கோட்டில் நாளடைவில் அரிப்பு பிடித்து, ஜாயிண்ட் அப்படியே கழன்று வரலாம். அங்கே நிக்கல் 2 சதவீதம் கலந்த 50 சதவீத ராடு நல்லது, பிஏஜி-24, 660 முதல் 707 வரை. கார்பைடு டிப் ஒட்டவும் இதே ராடுதான். நிக்கல் கார்பைடைப் பிடித்துக்கொள்ளும். டிப் பெரிதாக இருந்தால் இரண்டு பக்கமும் வெள்ளி ராடு உலோகமும் நடுவே செம்பும் உள்ள சாண்ட்விச் தகட்டை வாங்குங்கள். சூட்டில் ஸ்டீல் விரிவது கார்பைடைப்போல் இரண்டு மடங்கு. ஆறும்போது ஸ்டீல் சுருங்கி இழுக்கும் இழுப்பை நடுவில் உள்ள செம்பு வாங்கிக்கொள்ளாவிட்டால் டிப் கீறல் விடும்.

காட்மியம் ராடிலிருந்து மாறுகிறவர்கள் முதல் வாரத்தில் ‘புது ராடு ஓடவில்லை’ என்பார்கள். பெரும்பாலும் குறை ராடில் இல்லை. சாண்ட்பேப்பர் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்க்க வேண்டும், எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. இரண்டு குழாய்க்கும் இடையே இடுக்கு 0.05 முதல் 0.12 மில்லிமீட்டர். இதற்கு மேல் போனால் எந்த ராடும் தானாக உறிஞ்சப்படாது. ஃப்ளக்ஸைப் பொருத்துவதற்கு முன்பே உள்குழாயின் வெளிப்பக்கம் மட்டும் தடவ வேண்டும். உள்ளே வழிந்தால் கேப்பிலரி அடைக்கும். சுடர் நியூட்ரலில், அதாவது ஆக்சிஜனும் கேஸும் சமமாக, இருக்கட்டும், ஆக்சிஜன் தூக்கலாக வேண்டாம். தடித்த பக்கத்தை முதலில் சூடேற்றி, சுடரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேஸ்ட் முதலில் நுரைத்து வெள்ளைப் பொடியாகும், பிறகு படியும், 600-ஐ நெருங்கும்போது தெளிந்து கீழே உள்ள உலோகம் பளபளக்கும். காட்மியம் ராடுக்கு அந்த நொடியே போதும். 56-க்கும் 45-க்கும் இன்னும் சில நொடி பொறுத்து, மங்கிய சிவப்பு தெரிந்ததும் சுடரைச் சற்று விலக்கிவிட்டு ராடை ஜாயிண்டின் வாயில் தொட வேண்டும். ராடை உருக்க வேண்டியது குழாயின் சூடு, சுடர் அல்ல. மொட்டைமாடி வெயிலில் அந்த மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு அட்டையால் நிழல் கொடுத்துப் பார்க்காவிட்டால் சூடு மிஞ்சிவிடும். மிஞ்சினால் துத்தநாகம் ஆவியாகி ஜாயிண்டில் ஊசித்துளைகள் விழும். உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டால் கரும்பொருக்கு பிடிக்காது. ஆறியபின் வெந்நீரில் ஃப்ளக்ஸைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் லீக் பார்க்க வேண்டும். கெட்டியான ஃப்ளக்ஸ் ஊசித்துளையை அடைத்துக்கொண்டு அன்றைக்கு லீக் காட்டாமல் ஏமாற்றும், ஈரம் பட்டுக் கரைந்ததும் குளிரூட்டும் கேஸ் போய்விடும்.

கடையில் வாங்கும்போது ராடு நுனியின் வண்ணத்தை நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் வண்ணம் இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. ‘காட்மியம் இல்லாத ராடு வேணும்ணே, பாக்கெட்டைக் காட்டுங்க’ என்று கேட்டு, அட்டையில் உள்ள குறியீட்டைப் படியுங்கள். பிஏஜி-1, 1ஏ, 2, 2ஏ, 3, 27, 33 எல்லாமே காட்மியம் உள்ளவை. ஐஎஸ்ஓ 17672 என்ற சர்வதேசத் தர முறையில் வெள்ளி ராடின் எண் 3-இல் தொடங்கினால் காட்மியம், 156 என்றால் 56 சதவீத வெள்ளீய ராடு. பாக்கெட் இல்லாமல் உதிரியாகத் தரும் ராடில், 45 சதவீதத்துக்கும் குறைந்த வெள்ளி, ஆனால் ‘சூப்பரா ஓடும்’ என்றால், அது காட்மியம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்டர் கூலர், பால் குளிரூட்டி, ஜூஸ் மெஷின் போன்றவற்றில் காட்மியம் ராடு அறவே கூடாது. புளிப்பு பட்டால் காட்மியம் கரையும். 1940களில் அமெரிக்காவில் காட்மியம் முலாம் பூசிய ஐஸ் தட்டுகளிலும் ஜாடிகளிலும் வைத்த எலுமிச்சைச் சாறு போன்ற பானங்களைக் குடித்தவர்கள் வாந்தியெடுத்து விழுந்ததுண்டு.

நீங்கள் மாறிவிட்டாலும் பழைய ஜாயிண்டுகள் இருக்கின்றன. யாரோ எப்போதோ எந்த ராடால் போட்டது என்று தெரியாத ஜாயிண்டை நெருப்பு காட்டிக் கழற்றினால் அந்தக் காட்மியம் இப்போது புகையும். கம்ப்ரஸர் மாற்றும்போது ஜாயிண்டுக்கு அந்தப் பக்கம் குழாயை பைப் கட்டரால் வெட்டி எடுப்பது ஒரு நிமிட வேலை. அதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கிரைண்டரை வைத்துத் தேய்க்கவும் வேண்டாம், தூளும் அதே விஷம்தான்.

பல ஆண்டுகள் இந்த ராடோடு வேலை செய்தவர்கள் மருத்துவரிடம் கேட்டு, ரத்தத்திலும் சிறுநீரிலும் காட்மியமும், நுண்குழல்கள் கெட்டால் சிறுநீரில் ஒழுகும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதமும் பார்க்கலாம். அமெரிக்க விதிப்படி ரத்தத்தில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 3 மைக்ரோகிராம் காட்மியம், 300 மைக்ரோகிராம் பீட்டா-2 என்பவை கவனம் தேவைப்படும் எல்லைகள். சேர்ந்ததை வெளியே எடுக்க நம்பகமான மருந்து இல்லாததால், எல்லையைத் தாண்டியவர்கள் அந்த ராடு புகையும் இடத்திலேயே நிற்கக் கூடாது.

கையில் மிச்சமிருக்கும் காட்மியம் ராடுகளைக் குப்பையில் போடாதீர்கள், வெள்ளிக் கழிவு வாங்குபவரிடம் சும்மா எடைக்கும் போடாதீர்கள். அவர் அதை மூசையில் போட்டு 1,000 டிகிரி தாண்டி உருக்குவார், ராடில் உள்ள காட்மியம் அவர் முகத்துக்கு நேரே கிளம்பும். பையின் மேல் ‘காட்மியம் உள்ளது, உருக்கினால் விஷப்புகை’ என்று தமிழில் எழுதி ஒட்டி, புகைபோக்கி வசதி உள்ள ரிஃபைனரிடம் மட்டும் வாயாலும் சொல்லிக் கொடுங்கள்.